படகு இறங்க மறுத்தால், ஏற மறுத்தால்: சாய்தளத்தில் பாய்மரப் படகுக்கான பிழை நீக்கும் வழிமுறை

டிரெய்லரில் கொண்டுவந்த பாய்மரப் படகைத் தண்ணீரில் விடும்போதும் திரும்ப ஏற்றும்போதும் வரும் தொல்லைகளைத் துருவிப் பார்த்தால், பெரும்பாலானவை ஆழத்தில் போய் முடிகின்றன. டிரெய்லர் ஒரு சாண் குறைவாக இறங்கியிருக்கும். அல்லது ஒரு சாண் கூடுதலாக இறங்கியிருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது வின்ச் (படகை டிரெய்லர்மேல் இழுக்கும் கைச்சுழலி) கோளாறாகவோ, காற்றின் வேலையாகவோ, ஓட்டியவரின் கைக்குறையாகவோ தெரியும். அதனால் கீழே உள்ள எந்த அறிகுறி தென்பட்டாலும் முதலில் குனிந்து பாருங்கள்: தண்ணீர் மட்டம் டிரெய்லரின் எந்த இடத்தில் நிற்கிறது?

இதற்காக என் டிரெய்லரின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் விரல் அகலத்தில் இரண்டு கோடுகள் போட்டு வைத்திருக்கிறேன். மேல் கோட்டைத் தண்ணீர் தொட்டால் படகு தானாக மிதந்து விலகும். அதற்கு நான்கு விரல் கீழே இருக்கும் கோடு, படகை ஏற்றும்போது தண்ணீர் நிற்க வேண்டிய இடம். காற்றில்லாத ஒரு காலையில் நிதானமாக இறக்கி ஏற்றிப் பார்த்து உங்கள் டிரெய்லருக்கும் இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள். சாய்வு மாறும் இடங்களில் கோடு சற்று முன்பின் ஆகும். ஆனாலும் இருட்டில் துழாவுவதற்கும் விளக்கோடு தேடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

அறிகுறிகளை வேலை நடக்கும் வரிசையிலேயே தருகிறேன். பாய்மரம் நிறுத்துவதில் தொடங்குவோம்.

பாய்மரம் பாதியில் நின்றுவிடுகிறது

பாய்மரத்தைச் சாய்தளத்தின் மேல் நிறுத்தாதீர்கள். சற்றுத் தள்ளிச் சமதரையில் நிறுத்துங்கள். அதற்கும் முன்னால் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள்: நிறுத்தும் இடத்திலும், அங்கிருந்து தண்ணீர்வரை போகும் வழி நெடுகிலும் மின்கம்பி இருக்கிறதா? அலுமினியப் பாய்மரமும் மின்சாரத்தைக் கடத்தும், கார்பன் பாய்மரமும் கடத்தும். உயர் அழுத்தக் கம்பியாக இருந்தால் தொட வேண்டியதுகூட இல்லை, நெருங்கினாலே பாயும். யாருடைய படகாவது கம்பியில் பட்டுவிட்டால் அந்தப் படகையோ டிரெய்லரையோ யாரும் தொடக்கூடாது. மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும்வரை அருகில் போகவும் கூடாது. இந்த வழிமுறையில் உயிர்போகும் பிழை என்று நான் முதலில் வைப்பது இதைத்தான்.

இப்போது அறிகுறிக்கு வருவோம். பாய்மரம் முக்கால்வாசி எழுந்து, அதற்கு மேல் வர மறுக்கிறது. அந்த இடத்தில் எல்லோருக்கும் தோன்றுவது இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளலாம் என்பதுதான். தள்ளாதீர்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஏதோ ஒன்று எதிலோ மாட்டியிருக்கிறது. ஒருவர் பாய்மரத்தைத் தாங்கிப் பிடித்திருக்க, இன்னொருவர் ஒவ்வொரு கம்பியையும் அடியிலிருந்து நுனிவரை கண்ணால் தொடர வேண்டும். பக்கக் கம்பி அறைக் கதவின் விளிம்புக்கு அடியில் போயிருக்கும். அல்லது கயிறு கட்டும் கொம்பில் வளையம் போட்டிருக்கும். பின்கம்பி சுக்கானில் சிக்கியிருக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் டர்ன்பக்கிளின், அதாவது கம்பியை இறுக்கும் திருகின், அடியைப் பாருங்கள். படகின் மேல்தளத்தோடு அது சேரும் இடத்தில் ஒரு சிறு மூட்டு இருக்கிறது. பாய்மரம் எழும்போது அந்த மூட்டு நிமிர்ந்து கம்பியின் திசைக்குத் திரும்ப வேண்டும். சில சமயம் அது குறுக்காகப் படுத்தபடியே இறுகிவிடும். அந்த நிலையில் பலம் போட்டால் திருகுத் தண்டு வளையும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன். அது உள்ளுக்குள் வெடித்திருக்கலாம், காற்று ஓங்கும் நாளில்தான் அறும். மாற்றிவிடுங்கள்.

பாய்மரம் முழுதாக நின்றும் முன்கம்பி இரண்டு விரல் எட்டவில்லையா? முன்பாய் ஏற்றும் கயிற்றின் நுனியை அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில் உள்ள வளையத்தில் மாட்டி, மறுமுனையை இழுத்துக் கட்டுங்கள். பாய்மரத்தின் தலை முன்னால் வந்துவிடும். முன்கம்பியின் ஊசி சுலபமாக நுழையும். அப்படியும் எட்டாவிட்டால் பின்கம்பி இறுக்கமாக இருக்கிறது, அதைத் தளர்த்துங்கள்.

டிரெய்லர் நினைத்த பக்கம் போகவில்லை

ஸ்டியரிங்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் கையை இடப்பக்கம் நகர்த்துங்கள். வலப்பக்கம் என்றால் வலப்பக்கம். மடங்கத் தொடங்கினால் பின்னோக்கியே சரிசெய்யப் பார்க்காமல் முன்னால் இழுத்து நேராக்கிக்கொண்டு மீண்டும் தொடங்குங்கள். நீளம் குறைந்த டிரெய்லர் சட்டென்று திரும்பும், அதற்குக் கை இன்னும் மெதுவாக வேண்டும். படகில்லாத டிரெய்லர் சரிவில் இறங்கியதும் கண்ணாடியில் தெரியாமல் போகும். பின்கோடியில் இருபக்கமும் நிமிர்ந்த குழாய்கள் பொருத்திவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. படகை ஏற்றும்போதும் அவை கைகொடுக்கும்.

பின்னால் தள்ளினால் டிரெய்லர் அசையவில்லை

டிரெய்லரில், வண்டி வேகம் குறைக்கும்போது தானாக அழுந்தும் வகை பிரேக் இருந்தால், பின்னால் தள்ளுவதையும் அது பிரேக் போடுவதாகவே எடுத்துக்கொள்ளும். சரிவில் இறங்கும்போது டிரெய்லர் தன் எடையால் விலகி ஓடப் பார்ப்பதால் இது தெரியாது. சமதரையிலும் சிறு மேட்டிலும்தான் பிடித்துக்கொள்ளும். பல டிரெய்லர்களில் வண்டி பின்னால் போகும்போது எரியும் ரிவர்ஸ் விளக்கின் மின்சாரத்தைக் கொண்டு பிரேக்கை விடுவிக்கும் அமைப்பு இருக்கிறது. தண்ணீரில் இறக்கும் முன் விளக்கு பிளக்கைக் கழற்றும் பழக்கம் நல்லதுதான். ஆனால் கழற்றியதும் அந்த விடுவிப்பும் போய்விடும். இந்த வகை டிரெய்லருக்கு, தண்ணீரின் விளிம்பு வரும்வரை பிளக் இருக்கட்டும். அல்லது இணைப்புத் தலையில் கையால் போடும் பூட்டு ஊசி இருந்தால் அதைப் போடுங்கள். சாலைக்கு வரும்முன் அதை எடுத்தே ஆக வேண்டும். மறந்தால் டிரெய்லருக்குப் பிரேக்கே இல்லை.

டிரெய்லர் தண்ணீருக்குள், படகு மிதக்கவில்லை

முதலில் பின்புறப் பட்டை கழற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது மாட்டியிருந்தால் படகு மேலெழும்போது டிரெய்லரின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். அணியத்தில் இருக்கும் வின்ச் பட்டையையும் பாதுகாப்புச் சங்கிலியையும் மட்டும் படகு தண்ணீரைத் தொடும்வரை விடக்கூடாது. உருளை வைத்த டிரெய்லரில் அவற்றை முன்கூட்டியே கழற்றினால் படகு சரிந்து கான்கிரீட்டில் போய் உட்காரும்.

பட்டை காரணம் இல்லையென்றால் ஆழம் போதவில்லை. சாய்தளங்கள் பொதுவாக 12 முதல் 15 சதவீதச் சரிவில் கட்டப்படுகின்றன. ஒரு மீட்டர் பின்னால் போனால் 12 முதல் 15 செ.மீ. ஆழம் கூடும், அவ்வளவே. அடிப்பகுதி அதிகம் கீழிறங்காத மோட்டார் படகுக்கு இது தாராளம். அடியில் நிலையான கீல் (படகு கவிழாமல் காக்க அடியில் நீட்டியிருக்கும் கனமான பகுதி) உள்ள பாய்மரப் படகு டிரெய்லரில் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் 45 செ.மீ. ஆழம் வேண்டுமென்றால் மூன்று மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். அதற்குள் வண்டியின் பின்சக்கரமும் புகைக்குழாயும் தண்ணீருக்குள் போய்விடும். வண்டியை நனைத்துச் சமாளிக்கும் பழக்கம் வேண்டாம். டிரெய்லர் நாக்கை, அதாவது வண்டியோடு சேரும் முன்பகுதியை, நீட்டும் இரும்புத் தண்டு இதற்கென்றே இருக்கிறது. தண்டு இல்லாதபோது, டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் தாங்குதிறன் தெரிந்த பட்டையைப் பூட்டி, முன்சக்கரம் இருக்கும் டிரெய்லரை மெல்ல இறக்குவார்கள். அப்போது பட்டையின் நேர்கோட்டிலோ டிரெய்லரின் பின்னாலோ ஒருவரும் நிற்கக்கூடாது.

ஆழம் போதுமானதாக இருந்தும் அசையவில்லையா? டிரெய்லரில் படகு உட்காரும் தாங்குகட்டையின் கம்பள உறையில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால் விட்டுவிடும்.

மிதந்த படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது

பின்புற வடிகால் துளையின் தக்கையைப் போட மறந்திருப்பீர்கள். எனக்கும் ஒருமுறை நேர்ந்தது. தரைப்பலகைக்கு அடியில் களகளவென்று ஒரு சத்தம். பலகையைத் தூக்கினால் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. டிரெய்லர் இன்னும் அங்கேயே இருந்தது என் நல்ல காலம். உடனே அணியத்தை வின்சில் மாட்டி மேலே இழுத்து, துளையைத் திறந்தபடியே வடியவிட்டோம். அன்றுமுதல் தக்கையை வண்டிச் சாவியோடு கட்டி வைக்கிறேன். தக்கை படகில் ஏறாமல் சாவி என் கைக்கு வராது.

தக்கை சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம், தானாக நீர் வெளியேற்றும் அடிவால்வு திறந்திருப்பது. அதற்கடுத்தது நடுப்பலகை, அதாவது படகின் அடியில் இறக்கி ஏற்றும் பலகை, இருக்கும் கூட்டின் மூட்டு. அது சாய்தளத்தில் தீரும் வேலையில்லை, படகை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். டிரெய்லரை நிறுத்தப் போகும்முன் ஐந்து நிமிடம் படகைப் படகுத்துறை மேடையோரம் கட்டிவைத்து அடித்தளத்தைப் பார்ப்பது எல்லாவற்றையும்விட மேல்.

நடுப்பலகை இறங்கவில்லை

கரையோரத்தில் தரை தட்டியபோது கூட்டுக்குள் கூழாங்கல்லோ சேறோ புகுந்திருக்கும். மேலிருந்து மட்டையான கட்டையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஆழமான இடத்தில் படகை ஆட்டிப் பாருங்கள். பயணத்துக்காகப் போட்ட பூட்டு ஊசியை எடுக்காமல் விட்டதும் காரணமாக இருக்கலாம். சுழன்று இறங்கும் கனமான கீலாக இருந்தால் படகுக்கு அடியில் கை விட்டு இழுக்காதீர்கள். அது விடுபடும் நொடியில் விரல் போய்விடும்.

ஏற்றும்போது படகு கோணலாக உட்காருகிறது

சாய்தளத்தில் அதிக நேரத்தையும் பொறுமையையும் தின்பது இதுதான். படகு நேராக வந்து அணியம் வின்ச் தூணைத் தொடுகிறது. எல்லோருக்கும் நிம்மதி. வண்டி மேலே இழுக்கிறது. முழுக்க வெளியே வந்த பிறகு பார்த்தால் பின்புறம் ஒரு முழம் ஒரு பக்கமாகத் தள்ளி, ஒரு தாங்குகட்டை படகின் வயிற்றில் குத்திக்கொண்டு நிற்கிறது. மீண்டும் இறக்கி, மீண்டும் ஏற்றி, மீண்டும் அதே கோணல்.

காரணம் டிரெய்லர் மிக ஆழமாகப் போயிருப்பது. ஆழமாக விட்டால் படகு சுலபமாக ஏறும் என்று தோன்றுகிறது, ஏறவும் செய்கிறது. ஆனால் அணியத்தைத் தவிர எதுவும் டிரெய்லரைத் தொடுவதில்லை. பின்புறம் தன்னிஷ்டத்துக்கு மிதக்கிறது. வண்டி மேலே இழுக்கும் அந்தச் சில நொடிகளில் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமாகவே அது இறங்கி அமர்கிறது. மோட்டார் படகின் அடி கூரிய வடிவில் இருப்பதால் ஓரளவு தானாக நடுவுக்கு வரும். பாய்மரப் படகின் உருண்ட வயிறு அப்படி வழுக்கி வராது. நட்டுவைத்த பாய்மரமும் மேலே காற்றை வாங்கிக்கொண்டிருக்கும்.

டிரெய்லரை முன்னால் இழுத்து, தண்ணீரைக் கீழ்க்கோட்டில் நிறுத்துங்கள். முன்பகுதித் தாங்குகட்டைகள் படகின் முன்வயிற்றைப் பிடிக்கும் ஆழம் அது. கடைசி ஒரு மீட்டருக்கு வின்ச் கொஞ்சம் உழைக்கத்தான் வேண்டும். துளியும் உழைக்காமல் படகு வந்துவிட்டால் ஆழம் இன்னும் கூடுதல் என்று பொருள். கீல் உள்ள படகாக இருந்தால், கீல் தன் வழிகாட்டித் தடத்துக்குள் விழுந்ததை ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்லாமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

குறுக்குக் காற்றில், காற்று வரும் பக்கத்து மேடையில் நின்று அணியத்துக்கு ஒன்று, பின்புறத்துக்கு ஒன்று என்று இரண்டு கயிறு பிடிக்க வேண்டும். அதில் முக்கியம் பின்கயிறுதான். பெரும்பாலானவர்கள் முன்கயிற்றை இரண்டு பேராகப் பிடித்துக்கொண்டு பின்கயிற்றை மறந்துவிடுகிறார்கள். பின்புறம் கட்டையில் அமர்ந்து தண்ணீர் அதன் கீழே இறங்கும்வரை பின்கயிறு பிடித்தவர் அதை விடக்கூடாது. மேடையே இல்லாத இடத்தில் நேராக்கும் வேலை முழுக்கப் பின்குழாய்களைச் சேரும்.

மோட்டாரை முடுக்கிப் படகை டிரெய்லரில் ஏற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள். இறக்கையின் நீரோட்டம் கான்கிரீட் முடியும் இடத்தில் மண்ணைப் பறித்துக் குழியாக்குகிறது. பறித்த மண் சற்றுத் தள்ளி மேடாகிறது. அடுத்து வருபவரின் டிரெய்லர் சக்கரம் அந்தக் குழியில் இறங்கும். அதற்கடுத்தவரின் கீல் அந்த மேட்டில் தட்டும்.

மேலே வந்ததும் அணியத்துக்கும் தூணுக்கும் இடைவெளி

தண்ணீரில் இருந்தபோது ஒட்டிக்கொண்டிருந்த அணியம், மேலே வந்ததும் நாலு விரல் தள்ளி நிற்கிறது. வின்ச் வழுக்கிவிட்டதாகத் தோன்றும். வின்ச் அப்படியேதான் இருக்கிறது. மிதக்கும் படகு மட்டமாக இருக்கிறது, டிரெய்லரோ சரிந்து நிற்கிறது. பின்புறம் கட்டைமேல் இறங்கும்போது படகு டிரெய்லரின் சரிவுக்குத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் அணியம் எழும்பித் தூணை விட்டு விலகுகிறது. பாதி வெளியே வந்ததும் வண்டியை நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, இன்னும் சில பல் வின்சை இறுக்குங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு படகை வின்சால் இழுப்பது வீண், பட்டைதான் கிழியும். பின்புறம் லேசாகும்வரை மீண்டும் இறக்கி இறுக்குங்கள். வண்டியைச் சட்டென்று பிரேக் போட்டுப் படகை முன்னால் வழுக்கவிடும் வித்தையை யார் காட்டினாலும் பின்பற்றாதீர்கள்.

வின்ச் பல்லின் தடுப்பை விடுவிக்கும்போது கைப்பிடி முழுச் சுமையோடு சுழலும், மணிக்கட்டை உடைக்கும். அந்த வட்டத்துக்குள் கை வேண்டாம். ஓரம் பிசிறு விட்ட பட்டையை அன்றே மாற்றுங்கள்.

வண்டிச் சக்கரம் சுழல்கிறது, மேலே ஏறவில்லை

ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) வற்றிய நேரத்தில் தண்ணீரின் விளிம்பை ஒட்டிய பகுதி முழுக்கப் பச்சைப் பாசி. சக்கரம் அதன்மேல் நின்றால் வேகம் கூட்டக் கூட்ட வழுக்கும். முன்சக்கர இழுவை வண்டிக்கு இன்னும் சிரமம்: சரிவும் நாக்கின் எடையும் சேர்ந்து முன்சக்கரத்தின் பிடியைக் குறைக்கின்றன. சுழற்றுவதை நிறுத்துங்கள். சக்கரத்துக்கு அடியில் துடைப்பத்தால் பாசியைத் தேய்த்து மணலைத் தூவி, பிடி கிடைக்கும் அளவுக்கு மட்டும் மெதுவாக அழுத்தம் கொடுங்கள். முடியாவிட்டால் மேலே காய்ந்த தரையில் நிற்கும் இன்னொரு வண்டியின் உதவியைக் கேளுங்கள்.

தண்ணீரையே பாரமாக ஏற்றிக்கொள்ளும் படகாக இருந்தால் தொட்டி நிறைந்தே இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வகைப் படகுகள் சிலவற்றில் 500 கிலோவுக்கு மேல் தண்ணீர் இருக்கும். வால்வு தண்ணீருக்கு மேலே வரும்வரை மட்டும் இழுத்து, அங்கேயே நிறுத்தி, வடியவிட்டுப் பிறகு ஏறுங்கள்.

சக்கரம் சுழலவில்லை, டிரெய்லர்தான் எதிலோ பிடித்திருக்கிறது என்றால் அது கான்கிரீட்டின் கடைசி விளிம்பைத் தாண்டி விழுந்திருக்கிறது. பலமாக இழுத்தால் அச்சு கழன்றுவரும். படகை மீண்டும் மிதக்கவிட்டு டிரெய்லரின் சுமையைக் குறையுங்கள். சக்கரத்துக்கு முன்னால் பலகை கொடுங்கள். ஓதம் ஏறும் இடமென்றால் காத்திருங்கள்.

சாலையில் டிரெய்லர் வால் ஆட்டுகிறது

இதன் வேரும் சாய்தளத்தில்தான் இருக்கிறது. அணியம் தூணைத் தொடாமல் கிளம்பியிருந்தால் படகின் எடை முழுக்கப் பின்னால் நகர்ந்திருக்கிறது. நாக்கின்மேல் விழும் எடை, பெரும்பாலான படகு டிரெய்லர்களில் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் வரம்பே கடைசி வார்த்தை. அதற்குக் கீழே போனால் டிரெய்லர் ஆடும். ஆட்டம் தொடங்கினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். பிறகு ஓரமாக நிறுத்தி, அடித்தளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, நங்கூரமும் மோட்டார் எரிபொருளும் பின்புறம் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

சக்கரக் குடம் சுடுகிறது

வழியில் நிறுத்தும்போதெல்லாம் புறங்கையைக் குடத்தின், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியின், அருகே கொண்டுபோங்கள். வெதுவெதுப்பு இயல்பு. தொட முடியாத சூடு என்றால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. நீண்ட தூரம் ஓடிச் சூடான குடத்தை நேராகக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அடைப்பின் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சுகிறது. சாய்தளத்துக்கு வந்ததும் முதலில் பாய்மரம் நிறுத்தும் வேலையைப் பாருங்கள். அந்த அரைமணி நேரத்தில் குடம் ஆறிவிடும். உப்புத் தண்ணீரில் இறங்கிய நாளில் பிரேக், குடம், ஸ்பிரிங் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். மறுநாள் குடத்தின் மூடியைக் கழற்றிக் கொஞ்சம் கிரீஸை விரலில் எடுத்துப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மேலே புதிய கிரீஸை அடைத்தால் போதாது. பேரிங்கை வெளியே எடுத்து, பழைய கிரீஸ் முழுவதையும் கழுவித் துடைத்து, துருப்புள்ளி இருந்தால் பேரிங்கையே மாற்றி, புது அடைப்போடு பூட்டுங்கள்.